கேட் ரூமின் பெரிய பூட்டு

காலை ஐந்தரைக்கு என் போன் ஒரு முறை அதிரும். எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, அவர்தான். "வெளியூர் கிளம்புகிறீர்களா? இந்தப் பத்து விஷயங்களை மறக்காதீர்கள்" என்று இருக்கும். கீழே சிவப்பு நிறத்தில் ஒரு பூட்டுப் படம். நேற்று ஜன்னல் கம்பியைப் பற்றி வந்தது. போன வாரம் முழுக்க கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று பாடம். அல் ஐனில் எங்கள் தெரு வீடுகளில் வேலை பார்க்கிற, வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போன தமிழ் ஆட்களுக்காக யாரோ ஆரம்பித்த குழு அது. அவர் ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. குழுவை விட்டு மட்டும் போகவில்லை. அவர் அனுப்புவதற்கெல்லாம் நாலு பேர் கும்பிடு போடுகிறார்கள். அவர்கள் எல்லாரும் அவருக்குப் பிறகு வந்தவர்கள்.

நான் ஒன்றும் போடுவதில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கு இரண்டு பெண்கள். படித்த பிள்ளைகள், தங்கமான பிள்ளைகள். நான் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அதுவே போதும்.

அவர் பயந்தவர். பயப்படுவது தப்பில்லை. நானும் பயந்தவள்தான், நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நான் என் பயத்தை பயம் என்றுதான் வைத்திருந்தேன். அவர் தன் பயத்துக்கு யூனிஃபார்ம் மாட்டி, கையில் சாவிக்கொத்தும் கொடுத்து, கேட்டில் நிறுத்தியிருந்தார். நான் சமையல் வேலை பார்க்கிற வீட்டுக்கு அவர் டிரைவர். காவலுக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராக எடுத்துக்கொண்ட டியூட்டி அது.

இங்கே வீடுகளில் டிரைவருக்கு அறை கேட்டை ஒட்டி இருக்கும். ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, சுவரில் ஓட்டை விட்டுச் சொருகிய ஒரு ஜன்னல் ஏசி. எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். மற்ற வீடுகளில் டிரைவர் அறைக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். இவர் அறைக் கதவில் மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. ரோட்டில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதை வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்ப்பார். தோல் என் கிச்சனிலிருந்து போகும்.

"பூட்டப் பாத்தே திருடன் திரும்பிப் போயிரணும் தங்கச்சி" என்பார்.

பாத்ரூம் போகும்போதும் பூட்டிவிட்டுத்தான் போவார். இடுப்பில் சாவிக்கொத்து. வீட்டில் அவர் எந்த மூலையில் நடக்கிறார் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். திருடனுக்கும் அந்த வசதி இருந்திருக்கும்.

மிலிட்டரிக்குத் தேர்வாகி, அரை இஞ்சு உயரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னார். பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், தோட்டக்காரரிடம், பக்கத்து வீட்டு டிரைவரிடம், எல்லாரிடமும் சொன்னார். அந்த அரை இஞ்சு இல்லாமல் போனதில் நாடு பட்ட நஷ்டத்தை அவர் சொல்லிக் கேட்டால் நமக்கே கண் கலங்கும்.

அந்த வீரத்தை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன். பகல் பதினொரு மணி. நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த ஊரிலோ வீடு புகுந்த திருடனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பக்கவாட்டுச் சின்னக் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தார். தொப்பி, முகத்தில் துண்டு, கையில் ஒரு மெஷின். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. கிச்சன் கதவு உள்பக்கம் தாழ் விழுந்த சத்தம் கேட்டது. அவர் உள்ளே. நான், கையில் ஈரத் துணியோடு, வெளியே.

வந்தவர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். வெயிலுக்குத்தான் துண்டு கட்டியிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் கிச்சன் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அண்ணே, மீட்டர்காரர்ண்ணே என்றேன். உள்ளேயிருந்து, ஐடி கார்டு இருக்கா பாரு என்று பதில் வந்தது. கடைசியில் தோட்டத்துக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அந்த மனிதர் போன பிறகு கதவு திறந்தது.

"போலீசுக்கு போன் பண்ணத் தயாரா நின்னேன். ரெண்டு பேரும் வெளிய நின்னா யாரு போன் பண்றது? ஆளுக்கு ஒரு வேலையப் பிரிச்சுக்கணும் தங்கச்சி."

நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும். அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மிளகாய்த் தூள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருடன் காரை மறித்தால் கண்ணில் வீசுவதற்கு என்று என்னிடம் கால் கிலோ மிளகாய்த் தூள் வாங்கி, ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டு, காரின் முன்பக்க டிராயரில் வைத்திருந்தார். வைத்தால் வைக்கட்டும். மூடியை இறுக்கவில்லை. அவசரத்துக்குத் திறக்க நேரம் ஆகும் என்று மேலாக மூடி வைத்திருந்தார். மேடம் பிள்ளைகளோடு ஸ்கூலிலிருந்து வரும்போது ஒரு வேகத்தடை. டிராயர் திறந்து, பாட்டில் சாய்ந்து, தூள் ஏசி காற்றில் ஏறிவிட்டது. கார் நடு ரோட்டில் நின்றது. நாலு கதவும் திறந்தன. மேடம், மூன்று பிள்ளைகள், இவர், எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தும்மியபடி ஓரத்தில் நின்றார்கள். அந்தத் தெருவில் அன்று வரை எந்தத் திருடனும் செய்யாத வேலை.

வீட்டுக்கு வந்ததும் அவர் மேடத்திடம் சொன்னது எனக்குக் கிச்சன் வரை கேட்டது. சமையல்காரி மசாலா வாங்கச் சொன்னாளாம், வாங்கியதை சரியாகக் கட்டவில்லையாம். மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு பேச்சு பேசினார். நான் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். துப்பாக்கி அப்படி இல்லை.

எங்கள் அர்பாப், அதாவது வீட்டு முதலாளி, குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. நடுவில் மடக்கித் திறக்கிற வகை. அதை அவர் வைத்துக்கொண்ட விதத்தை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை அதுதான். மடக்கித் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். விரலை விட்டும் பார்ப்பார். பிறகு அவர் படுக்கையறையில், சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்காது. அது கீழே ஆபீஸ் அறையில் வேறொரு பெட்டி, வேறொரு சாவி. இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. பெட்டிக்கு இன்னொரு சாவி அவர் தம்பியிடம் இருந்தது. தம்பிக்கும் லைசென்ஸ் உண்டு, இரண்டு தெரு தள்ளி வீடு. சொந்தப் பிள்ளைகளுக்குக் கூட சாவி எங்கே என்று தெரியாது. ஒருமுறை நான் தரை துடைக்கப் போனபோது பெட்டி திறந்திருந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த அர்பாப் என்னை வெளியே நிற்கச் சொல்லி, பூட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். பேசவே பேசாத மனிதர். அன்றைக்கும் கையைத்தான் காட்டினார்.

டிரைவர் அண்ணனுக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டால் ஆகாது. பெட்டிக்குள்ளே பூட்டி வைக்கிறதுக்கு எதுக்குத் துப்பாக்கி என்பார். திருடன் வந்தால், கொஞ்சம் நில்லப்பா, மாடிக்குப் போய் இதை எடுத்துக் கீழே போய் அதை எடுத்து வருகிறேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்பார். அந்தத் துப்பாக்கி பறவைக்கு, மனிதனுக்கு இல்லை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஏழு வருடம் முன்பு, ஒரு ஜனவரி. அர்பாப் பாலைவனக் கூடாரத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. கூடாரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு மறுநாளே பாங்காக் போய்விட்டார். மேடம் பிள்ளைகளோடு தன் தாய் வீட்டுக்கு அபுதாபி போனார். வீட்டில் நானும், கேட் ரூமில் டிரைவர் அண்ணனும்.

கூடாரத்துச் சாமான்களை வண்டியில் ஏற்றி வந்தது அவர்தான். பாய், அரபிக் காபி போடுகிற காவா பாத்திரம், விறகு, அதோடு பழுப்பு நிறத் தோல் உறையில் அந்தத் துப்பாக்கி, வேட்டையில் மிஞ்சிய இரண்டு தோட்டா. வீட்டுக்குக் கொண்டுபோய் உடனே தம்பியிடம் கொடு, அவன் பெட்டியில் வைத்துப் பூட்டுவான் என்று அர்பாப் சொல்லி அனுப்பியிருந்தார். விமானம் ஏறுவதற்கு முன் போன் செய்து கேட்கவும் செய்தார். கொடுத்துவிட்டேன், கலாஸ், வேலை முடிந்தது என்று இவர் சொன்னார். சாயங்காலம் தம்பி வந்து கேட்டபோது, அர்பாபே போகும்போது பூட்டிவிட்டுப் போனார் என்று சொன்னார். அண்ணனுக்கு ஒரு பொய், தம்பிக்கு ஒரு பொய். அம்மா படுத்திருக்கும்போது அவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே காட்டினார். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவருக்கு வீரம் தங்காது. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோனேன். நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்குகிற நீல மூடி டப்பா, அவருக்கென்றே வைத்திருந்தேன். அவர் கதவைச் சாத்தாமல், கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்த உறையை இழுத்தார்.

"அண்ணே, இது அர்பாப் பொட்டில இல்ல இருக்கணும்" என்றேன்.

"வீட்ல ஆம்பள யாரு? நான்தானே. அவரு வர்ற வரைக்கும் வீடு என் பொறுப்பு. ராத்திரி பகல்னு இது கைக்கெட்ற தூரத்துல இருக்கணும்."

மடக்கித் திறந்து காட்டினார். இரண்டு குழலிலும் சிவப்புத் தோட்டா. மறுபடி மூடிவிட்டு, திருடன் இப்படி வந்தால் இப்படி என்று திரும்பினார். குழல் என் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. நான் சுவரோடு ஒதுங்கினேன். அவர் சிரித்தார்.

"வெரலு அங்க இல்ல பாரு. ஏன் இப்படி நடுங்குற?"

டப்பாவை வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஐந்து நிமிடம். போன் நம்பர் கிச்சன் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். எனக்கு இன்னும் இருபது நாளில் லீவு. என் மகளுக்குத் தலைப்பிரசவம், டிக்கெட் போட்டாகிவிட்டது, பாஸ்போர்ட் அர்பாபிடம். இந்த நேரத்தில் வீட்டில் ஒரு சச்சரவு வேண்டாம் என்று நினைத்தேன். அவரும் ஒரு வாரத்தில் தம்பியிடம் கொடுத்துவிடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

காலை பத்திலிருந்து பதினொன்று வரை அவர் மெயின் ரோட்டு டீக்கடையில் இருப்பார். அது அவருடைய தர்பார். அங்கே வருகிறவர்கள் டிரைவர்கள், லாண்ட்ரிக்காரர்கள், சைட் வேலைக்குப் போகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், யார் யாரோ. அந்த வாரம் அவர் அங்கே பேசியதைப் பிறகு தோட்டக்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் வெளியூர், மொத்த வீடும் தன் பொறுப்பு என்று தினமும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் தன் ரூமில்தான் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். என்ன பொருள் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஆபத்து இல்லையா? அவ்வளவு உஷார்.

கேட்டவர்களில் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டில் ஆள் இல்லை. பொருள் எங்கே என்று ரோட்டிலிருந்தே ஒரு பித்தளைப் பூட்டு பளபளவென்று காட்டுகிறது. காவல்காரர் பதினொரு மணி வரை இதோ எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

பத்தாம் நாள் காலை. நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சப்பாத்திக் கல்லின் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் வந்தது. சத்தம் கேட் பக்கம் போனது. பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. பக்கத்துச் சுவரில் ஏசி இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. வெளியிலிருந்து யாரோ ஏசியை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள், அது கட்டில் மேல் கிடந்தது. அவர் கதவைத் திறந்து உள்ளே நின்றார். லீவுக்கு வாங்கி வைத்திருந்த சாமான்களோடு சூட்கேஸ் இல்லை. ரேடியோ இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"ஏசி பழசு. தானா விழுந்துருச்சு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். முதல் முறையாக நேராகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் குரலை இறக்கினார். "தங்கச்சி, நீ ஒன்னும் பாக்கல. எங்கிட்ட அது இருந்ததே உனக்குத் தெரியாது. தம்பிகிட்ட குடுத்தாச்சுன்னு அர்பாப் நெனச்சுட்டு இருக்காரு, பூட்டிட்டுப் போயிட்டாருன்னு தம்பி நெனச்சுட்டு இருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

"அதுல தோட்டா இருக்குண்ணே."

"இருந்தா? போலீசு வந்தா ஒன்னையும்தான் புடிப்பான். கேஸ் முடியிற வரைக்கும் ஊருக்கு விட மாட்டான். பொண்ணு பிரசவத்துக்குப் போகணுமா வேணாமா?"

நான் கிச்சனுக்கு வந்தேன். கல்லில் போட்ட சப்பாத்தி கரிந்து போயிருந்தது. தோட்டா போட்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எவனோ ஒருவன் அந்த நேரத்தில் அல் ஐனில் நடந்துகொண்டிருந்தான். எங்கள் தெருவில் ஒரு ஸ்கூல் இருக்கிறது. பன்னிரண்டரைக்குச் சின்னப் பிள்ளைகளை விடுவார்கள். என் மகள் முகமும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் போகாவிட்டால் அவளுக்குத் துணைக்கு யாரும் இல்லை.

வாஷிங் மெஷின் ரூமுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு அர்பாபுக்கு போன் செய்தேன். ஆறு வருடத்தில் நான் அவருக்கு போன் செய்ததே இல்லை. அரபியும் இந்தியும் எனக்குப் பாதிப் பாதிதான்.

"பாபா, பந்தூக் மாஃபி. டிரைவர் ரூம். ஹராமி."

துப்பாக்கி இல்லை, டிரைவர் ரூம், திருடன் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உள்ளே தோட்டா இருந்ததா? இருந்தது, இரண்டு என்றேன். வீட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு உட்கார் என்றார். அவரே போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். கால் மணி நேரத்தில் இரண்டு வண்டிகளும் தம்பியும் வந்துவிட்டார்கள். ஸ்கூல் கேட்டிலும் ஒரு வண்டி நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

டிரைவர் அண்ணன் அவர்கள் முன்னால் கை கட்டி நின்றார். அர்பாபுக்குச் சொன்ன பொய்யும் தம்பிக்குச் சொன்ன பொய்யும் இப்போது ஒரே இடத்தில் நின்றதால் மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. அது எங்கிருந்து வரும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"சமையல்காரியக் கேளுங்க சார். பின்பக்க கேட்ல மீன்காரன், காய்காரன்னு யாரு யாரோ வர்றான். எல்லார்கிட்டயும் பேசுவா. இவதான் வெளிய சொல்லியிருக்கா."

நான் எல்லாரிடமும் பேசுவேனாம். மிளகாய்த் தூளுக்கு நின்ற மாதிரி இதற்கும் நிற்பேன் என்று நினைத்துவிட்டார்.

போலீஸ்காரர்களில் ஒருவருக்கு இந்தி தெரிந்தது. அவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த பாதி இந்தியில், எது முதலில் எது பிறகு என்று வரிசையாகச் சொன்னேன். பழுப்பு உறை, கட்டிலுக்கு அடியில், சிவப்புத் தோட்டா இரண்டு, குழல் நின்ற இடம் என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துவிட்டு, பார்த்து ஏழு நாள் ஆகிறதே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

பயம் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான் டிரைவர் அண்ணனைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுத அந்த ஒரு வார்த்தை போதும்.

அதன் பிறகு மூன்று நாள். வெளியே கார் கதவு அடித்தால் கூட எனக்குத் தூக்கிப் போட்டது. ஸ்கூல் விடுகிற நேரத்துக்குக் கிச்சன் ஜன்னலில் வந்து நிற்பேன். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகுதான் உலை வைப்பேன். டிரைவர் அண்ணனை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். தம்பி என் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு வந்தார். டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை தம்பி வந்து, ஸ்டேஷனுக்கு வா, கிச்சன் சாமான் ஒன்று இருக்கிறது, உன்னுடையதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மேஜை மேல் அந்தத் துப்பாக்கி இருந்தது. பேரீச்சந்தோட்டம் ஒன்றில், மோட்டார் கொட்டகைத் திண்டில் திருடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். டிரைவர் அண்ணனின் கட்டில் விரிப்பில் சுற்றியிருந்தது. மோட்டார் போட வந்த அந்தத் தோட்டத்து ஆள் பார்த்து, தொடாமல் போன் செய்திருக்கிறார். சுற்றியிருந்ததைப் பிரித்தபோது துப்பாக்கி மடக்கித் திறந்தபடி, இரண்டு குழலும் காலியாக இருந்ததாம்.

பக்கத்தில் என் சாப்பாட்டு டப்பா, திருட்டுக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டோடு அவர் அறைக்குப் போனது. நீல மூடி, நாலு கொக்கியும் போட்டிருந்தது. கொட்டகையின் எதிர் மூலையில், துப்பாக்கியிலிருந்து தள்ளி, தனியாக இருந்ததாம். அதிகாரி கொக்கிகளை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு சிவப்புத் தோட்டா. அவை உருளாமல் இருக்க ஒரு துணியையும் மடித்து வைத்திருந்தான்.

ஆம், என் டப்பாதான் என்றேன்.

அதிகாரி டிரைவர் அண்ணனைப் பார்த்து அரபியில் ஏதோ சொன்னார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தி தெரிந்தவர் அவருக்கு மொழிபெயர்த்தார். உன்னை அனுப்பிவிட்டு, அந்தத் திருடனை வீட்டில் வேலைக்கு வைத்திருக்கலாம் என்கிறார், என்றார்.

டிரைவர் அண்ணன் சிரிக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. துப்பாக்கியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"சார், என் சூட்கேஸ்?" என்று கேட்டார்.

அர்பாப் அந்த வாரமே திரும்பி வந்தார். லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் அவர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. பூட்டுவது என் வேலை, அதை இன்னொருவன் கையில் கொடுத்தது என் தப்பு என்று எழுதிக் கொடுத்தாராம். தம்பி சொன்னார். அர்பாபே என் பாஸ்போர்ட்டை வாங்கி வந்து என் கையிலேயே கொடுத்தார். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் ஊரில் இருந்தேன். பேரனுக்கு இப்போது ஏழு வயது.

டிரைவர் அண்ணனுக்கு விசா கேன்சல். சாமான் எடுக்க ஒரு மணி நேரம் போலீசோடு வந்தபோது, போகிற போக்கில் கிச்சன் வாசலில் நின்றார். மன்னிப்பு கேட்கப் போகிறாரோ என்று நான் அடுப்பைக் கூட அணைத்தேன்.

"கதவெல்லாம் ஒழுங்காப் பூட்டிக்க தங்கச்சி. நான் இருந்ததுனாலதான் வீட்டுக்கு ஒன்னும் ஆகல" என்றார்.

சாவிக்கொத்துச் சத்தம் கேட் வரை கேட்டது. பித்தளைப் பூட்டின் சாவியும் அந்தக் கொத்தோடு போய்விட்டது. அடுத்து வந்த டிரைவர், சாவி இல்லாத பூட்டு எதற்கு என்று அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். அந்த அறைக் கதவு இப்போது சும்மா சாத்தித்தான் இருக்கிறது.

டப்பா பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அர்பாப் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கிச்சன் மேடையில் வைத்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மிளகாய்த் தூள் போட்டு வைத்திருக்கிறேன். கொக்கி நாலும் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன, சாய்த்தாலும் ஒரு துளி சிந்துவதில்லை.